ஒரே கட்டம், வேறு வேறு நிறம்

ஸ்காட்லாந்துக் கல்யாண வீடுகளில் நடக்கக்கூடிய சங்கடம் ஒன்று. மாப்பிள்ளையும் அவருடைய அண்ணன் தம்பிகளும் குலத்தின் டார்டனில் கில்ட் உடுத்தி நிற்க வேண்டும் என்று பேச்சு. ஒருவர் உள்ளூரில் தைத்துக்கொள்கிறார். ஒருவர் கனடாவிலிருந்து வருகிறார், கில்ட்டையும் அங்கேயே தைத்துக் கொண்டுவந்துவிடுகிறார். மூன்றாமவர் அப்பாவின் பழைய கில்ட்டை இடுப்பளவு மாற்றி உடுத்திக்கொள்கிறார். போட்டோவுக்கு வரிசையாக நிற்கும்போதுதான் கண்ணில் படுகிறது. ஒருவருடைய பச்சை முற்றிய மாவிலை, அடுத்தவருடையது குளத்துப் பாசி, மூன்றாமவருடையதில் பச்சையே காணோம், காய்ந்த புல் போல ஒரு பழுப்பு. 'இதில் எது நம்ம டார்டன்?' என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். துணி விற்றவரைக் கேட்டால் மூன்றும் அதே டார்டன்தான் என்பார். அவர் சமாளிக்கவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார்.

குலத்தின் அடையாளம் என்று கொண்டாடப்படும் ஒரு துணி, ஆலைக்கு ஆலை எப்படி நிறம் மாறலாம்? கொடியின் நிறத்தை இப்படி மாற்றினால் விடுவார்களா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் டார்டனின் வரலாறே வேறு கோணத்தில் தெரியத் தொடங்குகிறது.

முதலில் டார்டன் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். நம்மூரில் 'கட்டம் போட்ட துணி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். டார்டனில் பாவிலும் ஊடையிலும் ஒரே நிற வரிசை வரும். இத்தனை இழை நீலம், இத்தனை கறுப்பு, இத்தனை பச்சை என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போய், கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி வரும். இந்த வரிசைக்குத்தான் 'செட்' என்று பெயர். இழைகளின் எண்ணிக்கை உண்மையில் ஒரு விகிதம். தடித்த நூலில் நெய்தால் கட்டம் பெரிதாகும், மெல்லிய நூலில் நெய்தால் சிறிதாகும். கழுத்துப் பட்டைக்கு ஏற்றபடி குறுக்கலாம், போர்வைக்கு ஏற்றபடி விரிக்கலாம். விகிதம் மாறாதவரை அது அதே டார்டன்.

நிறத்துக்கு என்ன எழுதியிருக்கும்? பெயர் மட்டும். நீலம், பச்சை, சிவப்பு, கறுப்பு. எந்த நீலம் என்பது பெரும்பாலும் இருக்காது.

இது பிற்காலத்தில் நேர்ந்த அலட்சியம் அல்ல. ஸ்கை தீவைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின் என்பவர் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றி எழுதிய புத்தகம் 1703இல் வெளிவந்தது. அங்குள்ள பெண்கள் கட்டங்களைப் பிசகாமல் கொண்டுவர ஒரு சின்ன மரத்துண்டை வைத்திருந்ததாகவும், ஒவ்வொரு பட்டையிலும் எத்தனை இழை என்ற கணக்கு அதில் இருந்ததாகவும் அவர் பதிவு செய்திருக்கிறார். துணியைப் பார்த்தே ஆள் எந்தப் பகுதிக்காரர் என்று ஊகிக்க முடியும் என்றும் சொல்கிறார். கவனிக்க வேண்டியது, மரத்துண்டு காப்பாற்றியது எண்ணிக்கையை. கணக்கைக் கட்டையில் ஏற்றிவிடலாம், அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கலாம். சாயப் பானையில் விழுந்த நிறத்தை எந்தக் கட்டையில் ஏற்றுவது?

அந்தப் பானைக்குள் என்ன நடந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பாறையில் படரும் ஒருவகைப் பாசியைச் சுரண்டி வேகவைத்தால் செம்பழுப்பு கிடைக்கும். கேலிக் மொழியில் அதற்கு 'குரோட்டல்' என்று பெயர். செடிகளின் வேரும் இலையும் பட்டையும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உதவின. சாயம் கம்பளி இழையைப் பிடித்துக்கொள்ளப் படிகாரம் போன்ற உப்பு வேண்டும். படிகாரம் போட்டால் மஞ்சள் பளிச்சென்று வரும், அதே சாயம் இரும்புப் பாத்திரத்தில் கொதித்தால் மங்கி ஒலிவ நிறத்துக்குப் போகும். ஓடைத் தண்ணீர் மாறினால் நிறம் மாறும். பறித்த மாதம் மாறினால் மாறும். ஒரே வீட்டில் ஒரே பெண் இரண்டு முறை காய்ச்சினாலும் இரண்டும் அச்சாக ஒன்றுபோல வராது. பச்சைக்கோ இரட்டை வேலை, மஞ்சளில் தோய்த்து நீலத்திலும் தோய்க்க வேண்டும். இரண்டில் எது கூடினாலும் குறைந்தாலும் பச்சை நகர்ந்துவிடும்.

மொழியும் இதற்கு ஒத்தாசை செய்தது. கேலிக்கில் 'கோர்ம்' என்ற சொல் நீலத்தையும் குறிக்கும், புல்லின் பசுமையையும் குறிக்கும். நமக்கு இது புதிதல்ல. திருமாலைக் கரியவன், நீல மேனியன், பச்சை நிறத்தவன் என்று மூன்று விதமாகவும் பாடிய மரபு நம்முடையது. நிறப் பெயர் ஒரு வட்டாரத்தைக் காட்டும், கதவு எண்ணைக் காட்டாது.

வசதி படைத்தவர்கள் உள்ளூர்ச் சாயத்தோடு நிற்கவில்லை. நல்ல சிவப்புக்கு மெக்சிகோவிலிருந்து வந்த கொச்சினீல் பூச்சி, ஆழமான நீலத்துக்கு அவுரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு அவுரிநீலம் பெருமளவில் போனது வங்காளத்திலிருந்து. மலைநாட்டு மண்ணின் நிறம் என்று பாட்டில் வரும் சிவப்பும் நீலமும் கப்பலேறி வந்தவை.

நெசவாளி கவலைப்பட வேண்டிய இன்னொரு சங்கதியும் துணிக்குள்ளேயே இருக்கிறது. டார்டன் ட்வில் நெசவு. ஊடை இழை இரண்டு பாவு இழைக்கு மேலே, இரண்டுக்குக் கீழே என்று போய், ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இழை தள்ளி நகரும். நீலப் பாவை நீல ஊடை கடக்கும் இடத்தில் சுத்த நீலம். நீலப் பாவைப் பச்சை ஊடை கடக்கும் இடத்தில் இரண்டும் சரிபாதியாகக் கலந்து, தூரத்துக் கண்ணுக்கு மூன்றாவது நிறமாகத் தெரியும். சிவப்பும் கறுப்பும் மட்டுமே உள்ள ராப் ராய் டார்டனில் இப்படி 3 நிறங்கள் தெரியும். நீலம், கறுப்பு, பச்சை மூன்றும் உள்ள அரசாங்க டார்டனில் 6. ஆறு நூல் நிறங்கள் கொண்ட ராயல் ஸ்டூவர்ட்டில் 21. அதில் ஒரே ஒரு நூலின் நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்தால் ஒரு பட்டையோடு போகாது. அந்த நிறம் மற்ற ஐந்தோடும் சேரும் இடமெல்லாம் மாறும், அதாவது 21இல் 6 நிறங்கள். சாயக்காரர் ஒரு சிட்டிகை குறைத்ததைத் துணி பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது.

அப்படியானால் நிறம் ஒருபோதும் நிலையாக இருந்ததே இல்லையா? கொஞ்ச காலம் ஏறக்குறைய இருந்தது. அதற்குக் காரணம் குலமரபு அல்ல, ஒரு வியாபாரக் குடும்பம்.

1746இல் கல்லோடன் போரில் ஜாக்கபைட்டுகள் தோற்றபின், மலைநாட்டு உடைக்கு எதிராகச் சட்டம் வந்தது. ஆண்களும் சிறுவர்களும் அதை அணியக்கூடாது. பெண்களுக்குத் தடையில்லை, அரசரின் படையில் இருந்த மலைநாட்டுச் சிப்பாய்களுக்கும் தடையில்லை. 1782இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. இடையில் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. படைகளுக்குத் துணி வேண்டியிருந்ததால் டார்டன் நெசவு மட்டும் நிற்கவில்லை. மலைநாட்டுக்குத் தெற்கே, ஸ்டர்லிங் பக்கத்தில் பேனக்பர்ன் ஊரில் வில்லியம் வில்சன் குடும்பத்தின் ஆலை அந்த வியாபாரத்தில் வளர்ந்தது.

1815இல் லண்டன் ஹைலேண்ட் சங்கம் குலத் தலைவர்களிடம், உங்கள் டார்டனில் ஒரு துண்டு முத்திரையிட்டு அனுப்புங்கள் என்று கேட்டது. பல தலைவர்களுக்குத் தங்கள் டார்டன் எது என்றே தெரியவில்லை. சிலர் வில்சன் ஆலையையே நாடினார்கள். 1819இல் அந்த ஆலை தன் கட்டங்களையெல்லாம் நூல் கணக்கோடு ஒரு புத்தகமாகத் தொகுத்தது. 1822இல் நான்காம் ஜார்ஜ் அரசர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பை வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்தார், ஊரே டார்டன் கேட்டது, பேனக்பர்ன் தறிகளுக்கு ஓய்வில்லை.

டார்டன் மரபு பின்னால் புனையப்பட்டது என்று காட்ட இந்தக் கதையை வரலாற்றாசிரியர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நிறத்தின் பக்கமிருந்து பார்த்தால் இதிலேயே இன்னொரு செய்தி இருக்கிறது. டார்டன் வியாபாரத்தின் பெரும்பங்கு ஒரே ஆலையின் கையில் இருந்தபோது, அதன் சாயப்பட்டறையின் சிவப்பே பலருக்கு டார்டன் சிவப்பு. ஒற்றுமை வந்தது ஒரே பானையிலிருந்து. பானைகள் பெருகியதும் அது கலைந்துபோனது.

வேறு ஆலைகள் எதைப் பார்த்து நெய்யும்? புத்தகத்தைப் பார்த்து. ஜேம்ஸ் லோகன் 1831இல் வெளியிட்ட நூலில் பட்டைகளின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு கணக்கில் தந்தார், நிறத்தைச் சொல்லால் தந்தார். 1842இல் சோபியெஸ்கி ஸ்டூவர்ட் என்று சொல்லிக்கொண்ட சகோதரர்கள் 'வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்' வெளியிட்டார்கள். பழைய ஏடு என்று அவர்கள் சொன்னது பொய்யென்று பிறகு நிரூபணமானது, ஆனால் அதிலிருந்த பல டார்டன்கள் இன்றும் நெய்யப்படுகின்றன. அதிலும் இத்தனை இழை, இன்ன நிறம் என்ற வர்ணனைதான். பொய் ஏடாக இருந்தாலும் எண்ணிக்கை இருந்ததால் நெய்ய முடிந்தது. நிறத்தை ஒவ்வோர் ஆலையும் தன் பட்டறையில் இருந்ததைக் கொண்டு இட்டு நிரப்பிக்கொண்டது.

1856இல் வில்லியம் பெர்கின் என்ற இளைஞர் மலேரியாவுக்கு மருந்து செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து செயற்கைச் சாயங்கள் வரிசையாக வந்தன. 1897இல் ஜெர்மன் நிறுவனமான பாஸ்ஃப் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இனிமேல் நிறத்தை எடைபோட்டுக் கலக்கலாம், இந்த வாரமும் அடுத்த வாரமும் ஒரே நிறம் எடுக்கலாம். பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும், இல்லையா? நடந்தது நேர்மாறு. முன்பு நிறம் மாறியது கை தவறி. இப்போது நிறம் மாறத் தொடங்கியது தெரிந்தே, திட்டமிட்டு.

செயற்கைச் சாயம் ஆழமாக ஏறியது. நீலமும் பச்சையும் கருத்தன. அரசாங்க டார்டன் போன்றவற்றில் நீலம் எது, கறுப்பு எது, பச்சை எது என்று கொஞ்சம் தள்ளி நின்றால் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு ஆனது. இந்த அடர்த்திக்கு இன்று வியாபாரப் பெயர் 'மாடர்ன்'. இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் வெளிர் நிறத்தில் இன்னொரு வரிசையைக் கொண்டுவந்து 'ஏன்ஷியன்ட்' என்று பெயர் வைத்தன. நீலம் வான நிறமாகும், பச்சை இளம்பாசியாகும், சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும். வெயில்பட்டு வெளுத்த பழைய துணியைப் போல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செல்கிர்க் ஊரின் டால்கிளீஷ் ஆலை 'ரீப்ரொடக்‌ஷன்' என்று வேறொரு வரிசையைத் தந்தது. மண்ணுக்குள் கிடந்து எடுத்த துணி எப்படி இருக்குமோ அப்படி. பச்சை பழுப்பாகும், நீலம் சாம்பலாகும், கறுப்பு காப்பிக்கொட்டை நிறமாகும். இதையொட்டிய வரிசைக்கு லாக்கேரன் ஆலையின் பெயர் 'வெதர்டு'. ஹவுஸ் ஆஃப் எட்கர் 'மியூட்டட்' என்று இன்னொன்று வைத்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'ஏன்ஷியன்ட்' என்று கேட்டு வாங்குகிறவர் தன் முன்னோர் உடுத்திய நிறம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். முன்னோர் வெளுத்த துணியையா நெய்தார்கள்? இயற்கைச் சாயம் என்றாலே மங்கல் என்பது அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துப் பழகிய நம் கண்ணின் எண்ணம். பழைய துணிகளில் வெளிச்சம் படாத இடத்தை, தையலின் உட்புறத்தை, மடிப்பின் அடியைப் பிரித்துப் பார்த்தால் சிவப்பு இன்னும் சிவப்பாக இருக்கும். கொச்சினீலும் அவுரியும் நன்றாக ஏறினால் அடர்த்தியான நிறங்கள். மாடர்ன், ஏன்ஷியன்ட், ரீப்ரொடக்‌ஷன் என்ற மூன்றும் மூன்று காலத்தின் நிறங்கள் அல்ல. காலம் துணியை என்ன செய்யும் என்பது பற்றிய மூன்று கற்பனைகள். ஒன்றில் காலம் துணியைத் தொடவே இல்லை, ஒன்றில் வெயில் குடித்துவிட்டது, ஒன்றில் மண் தின்றுவிட்டது.

சரி, இரண்டு ஆலைகளிலுமே 'ஏன்ஷியன்ட்' என்று கேட்டு வாங்கினால்? அப்போதும் ஒத்துப்போகாது. காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஓர் ஆலை நெய்யும் டார்டன்கள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் தனியாக நூலுக்குச் சாயம் ஏற்றினால் கட்டுப்படியாகாது. அதனால் ஒவ்வோர் ஆலையும் தனக்கென்று ஒரு நூல் தட்டு வைத்திருக்கும். அந்தத் தட்டில் உள்ள ஒரே 'ஏன்ஷியன்ட் பச்சை' கேம்பெல்லுக்கும் போகும், மெக்கன்சிக்கும் போகும். அடுத்த ஆலையின் பச்சை அவர்கள் தட்டில் இருக்கும் பச்சை. அதாவது, ஓர் ஆலையின் துணிகள் குலம் மாறினாலும் ஒன்றுக்கொன்று சொந்தம்போல இருக்கும். ஒரே குலத்தின் துணிகள் ஆலை மாறினால் அந்நியமாகிவிடும். நூல் முறுக்கும் இதில் சேர்ந்துகொள்கிறது. வழுவழுப்பான வொர்ஸ்டட் நூலில் நிறம் பளபளக்கும், மொசுமொசுவென்ற கம்பளி நூலில் அதே நிறம் அடங்கிப்போகும்.

ஒரே ஆலைக்குள்ளும் சாயமேற்றிய தவணைக்குத் தவணை சிறு வித்தியாசம் வரும். தனியாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் வைத்தால் தெரியும். போதாததற்கு வெளிச்சம் வேறு. புடவைக் கடையில் அம்மா, 'லைட்டுக்குக் கீழ பார்க்காத, வாசல்ல கொண்டுபோய்ப் பாரு' என்று சொல்வதில் இயற்பியல் இருக்கிறது. வேறு வேறு சாயக் கலவையில் எடுத்த இரண்டு பச்சை பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியலாம், மண்டப விளக்கில் பிரிந்துவிடலாம். இரண்டு ஆலைகள் ஒரே மாதிரியைப் பார்த்துச் சாயம் கலந்தாலும் இந்த ஆபத்து உண்டு.

நிறத்தைப் பூட்டி வைக்க வழியே இல்லையா? இருக்கிறது. ஒற்றை உரிமையாளர் வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டிஷ் ராணுவம் தன் துணிகளுக்கு முத்திரையிட்ட மாதிரி வைத்திருந்தது, அதோடு பொருந்தாத துணியைத் திருப்பி அனுப்பலாம். பர்பெரி நிறுவனம் தன் கட்டத்தை வணிக முத்திரையாகவே பாதுகாக்கிறது. குல டார்டனுக்கு அப்படிச் சொந்தக்காரர் இல்லை. எந்த ஆலையும் நெய்யலாம், யாரும் வாங்கலாம்.

ஆனால் அந்தச் சுதந்திரத்தில் நிறமே அடையாளமாகிவிட்ட விசித்திரமும் நடந்திருக்கிறது. அரசாங்க டார்டனை பிளாக் வாட்ச் படை கருநிறத்தில் உடுத்தியது. ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் படை அதே நூல் கணக்கைக் கொஞ்சம் வெளிர்ந்த நிறத்தில் உடுத்தியது. கேம்பெல் குலத்தின் டார்டனும் அதே கணக்குதான். கட்டத்தை எண்ணிப் பார்த்தால் மூன்றும் ஒன்று. உடுத்தியவர்களுக்கு ஒன்றல்ல. அந்தப் படைக்காரர் நிறத்தைப் பார்த்தே இது எங்களுடையது, அது அவர்களுடையது என்று சொல்லிவிடுவார். 2006இல் ஸ்காட்லாந்துக் காலாட்படைகளை ஒரே ரெஜிமென்ட்டாக இணைத்தபோது எல்லோருக்கும் ஒரே கில்ட் என்றானது. பழைய படைகளின் பெயர் போனதற்கு வருந்தியவர்களுக்கு, பழக்கப்பட்ட நிறத்தை இழப்பதும் அந்த வருத்தத்தின் பகுதியாக இருந்தது. நூல் கணக்கில் வித்தியாசம் இல்லை என்று அவர்களிடம் விளக்கிப் பயன் இல்லை.

2008இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் டார்டன்களைப் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது, அடுத்த ஆண்டு பதிவேடு திறந்தது. கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து திரும்பத் திரும்ப வரும் கட்டமாக வேண்டும், நெய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். விண்ணப்பத்தில் நிறங்களையும் நூல் எண்ணிக்கையையும் தர வேண்டும். நெய்த துணி கொடுத்தால் நல்லது, கட்டாயமில்லை. எல்லா ஆலைகளும் இன்ன சிவப்பில்தான் நெய்ய வேண்டும் என்று அந்தப் பதிவேடு யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. மார்ட்டின் மார்ட்டின் சொன்ன மரத்துண்டு கணினிக்குள் ஏறியிருக்கிறது என்றே சொல்லலாம்.

இதைக் குறையாகவும் பார்க்கலாம். ஓர் ஆலை மூடினால் அதன் நிறம் அதோடு போய்விடும். அதன் துணியில் கில்ட் தைத்தவர் பத்து வருடம் கழித்து மகனுக்கு அதே நிறத்தில் வாங்க முடியாது. அதனால்தான் விவரம் தெரிந்த தையல்காரர்கள் குடும்பத்துக்கு மொத்தமாக வேண்டுமென்றால் ஒரே ஆலையில், ஒரே தவணையில் எடுத்துவிடுங்கள் என்கிறார்கள்.

ஆனால் நிறத்தை விட்டுக்கொடுத்ததால்தான் டார்டன் பிழைத்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் க்ளென் ஆஃப்ரிக் பள்ளத்தாக்கின் கரிச்சேற்றில் ஒரு கந்தல் துணி கிடைத்தது. 2023இல் வெளியான பரிசோதனை முடிவு, பெரும்பாலும் 1500க்கும் 1600க்கும் இடையில் நெய்தது என்றது. செயற்கைச் சாயம் எதுவும் அதில் இல்லை, பச்சையில் அவுரி வகை நீலத்தின் தடம் இருந்தது. பச்சையும் பழுப்பும் தெரிந்தன, சிவப்பும் மஞ்சளும் இருந்திருக்கலாம் என்ற அளவில்தான் சொல்ல முடிந்தது. அந்தத் துணியை மறுபடி நெய்ய முற்பட்டபோது கந்தலில் இழைகளை எண்ண முடிந்தது. நானூறு வருடத்துக்கு மேல் சேற்றில் கிடந்தும் கணக்கு அழியவில்லை. நிறத்தை மட்டும் இன்றைய மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள்.